பின்னால் இடம் இருக்கிறது

பூப்பந்துக்குக் காற்று ஆகாது. பந்து என்பது மஞ்சள் உல்லன் நூல் உருண்டை, அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தின் கனம்கூட இருக்காது. கொஞ்சம் காற்று வீசினாலும் தன் இஷ்டத்துக்குப் போகும். அதனால்தான் சாம்பியன் ரீப்ஸில் நாங்கள் காலையிலேயே ஆடி முடித்துவிடுவோம். வெயில் ஏறிவிட்டால் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பி கண், வாய், வலை எல்லாவற்றிலும் படியும்.

அன்றைக்குக் காற்று இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பந்தைக் காற்று தள்ளிக்கொண்டு போனது, அதைத் துரத்தித்தான் என் ஜோடி ராஜமாணிக்கம் பின்னால் ஓடி விழுந்தான் என்று சிவகுமார் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சிவகுமார் எதிர்ப்பக்கம் ஆடியவன். என்மேல் மரியாதை உள்ளவன், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான். எனக்கு அது வேண்டியதில்லை.

இன்ஸ்பெக்டர் ஸார், உங்கள் ரிப்போர்ட்டில் நான் தூரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டேன், அதனால் நடந்த விபத்து என்று எழுதியிருப்பதாக உங்கள் ஏட்டு சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் அது எனக்குப் பெரிய அவமானம். அதைத் திருத்தத்தான் வந்தேன். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. தமிழில் எழுதித் தருகிறேன். யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சின்னசாமி. நானும் ராஜமாணிக்கமும் தங்கச் சுரங்கத்தில் ஒரே நாளில் சேர்ந்தோம். இரண்டு பேருடைய தாத்தாக்களும் குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாறையில் துளை போடும் மெஷினில் எங்கள் இரண்டு பேரையும் ஜோடியாகப் போட்டார்கள். ஜோடியில் ஒருவனுக்கு மற்றவன் மேட். மேட் என்றால் சிநேகிதன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சிநேகிதனை மாற்றிக்கொள்ளலாம்.

மெஷினை லெவலுக்குள், அதாவது பூமிக்கடியில் இருக்கிற சுரங்கப் பாதைக்குள், கொண்டுபோகும்போது ஒருவன் முன்னால் பார்த்து நடப்பான், இன்னொருவன் அவனுக்கு எதிரே நின்று பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பான். பின்பக்கமாக நடக்கிறவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. குழி இருக்கலாம், டிராலி நிற்கலாம். மேட்தான் அவனுக்குக் கண். ஒவ்வொரு எட்டுக்கும் "எடம்" என்று குரல் கொடுப்பான். பின்னால் இடம் இருக்கிறது, வை காலை என்று அர்த்தம். இல்லையென்றால் "நில்லு". இந்த இரண்டு சொல்தான். எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். திரும்பிப் பார்த்தால் மேட்டின் வாயை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

கோவிந்தன் என்று ஒருவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவனுடைய மேட் மெஷினை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் ஏறி மேலே போய்விட்டான். அதற்குப் பிறகு கோவிந்தனோடு ஜோடி சேர ஆள் கிடைக்கவில்லை. கடைசிவரை மேலே சாமான் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

ராஜமாணிக்கம் ஒரு நாள் எனக்கு "நில்லு" என்றான். தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றேன். பின்னால் மூடாமல் விட்டிருந்த குழி. அடுத்த லெவல் வரைக்கும் வெறும் இருட்டு. அன்றைக்கு அவன் எனக்கு உயிர் கொடுத்தான். அதை நான் மறுக்கவில்லை. எத்தனை பேரிடம் அவன் அதைச் சொல்லியிருக்கிறான் என்பதையும் மறக்கவில்லை.

இந்தப் பழக்கத்தை அப்படியே கோர்ட்டுக்கும் கொண்டுபோனோம். இரட்டையர் ஆட்டத்தில் நான் முன்னால், அவன் பின்னால். பந்து தலைக்கு மேல் உயரமாகப் போனால் நான் திரும்பி அவனுக்குப் பின்னால் பார்ப்பேன். "எடம்" என்பேன். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவான். நந்திதுர்க், பேத்தமங்களா, எந்த ஊர் ஜோடி வந்தாலும் எங்களை அசைக்க முடியாது. ஆனால் பேர் என்னவோ அவனுக்குத்தான். பந்தை அடித்து முடிக்கிறவன் அவன். வாயால் ஆடியவனை யார் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள்?

சுரங்கம் மூடியதும் எல்லோரையும்போல பெங்களூருக்கு ரயிலேறினோம். ஒரே கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. ரயிலில் உட்கார இடம் கிடைக்காது, நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வர வேண்டும். மெஷின் பிடித்த தோள் அவனுக்கு ஏற்கெனவே கெட்டிருந்தது. ரயில் முதுகையும் கெடுத்தது. ஒரு நாள் பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் குனிந்தவன் நிமிரவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதிலிருந்து எட்டு வருஷம் அவனைப் பார்த்துக்கொண்டது நான். வேலையை விட்டுவிட்டேன். காலையில் போய் அவனைத் தூக்கி உட்கார வைப்பேன், குளிப்பாட்டுவேன், முதுகில் தைலம் தேய்ப்பேன், கையைத் துணியில் கட்டித் தொங்கவிடுவேன். அவன் மனைவி தாயம்மா முதல் டீயை எனக்குத்தான் கொடுப்பாள். என் வீட்டில் எனக்கு ஆறின டீதான். எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே நான் நடந்து போனால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்கள். "கூடப் பொறந்தவன்கூட இப்டி பாக்க மாட்டான்பா" என்பார்கள். கோயில் திருவிழாவில் ஒருமுறை என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜன்னல் வழியாக மைக் சத்தம் கேட்டு ராஜமாணிக்கம் அழுதானாம். வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த எட்டு வருஷம்தான். சொல்வதற்கு வெட்கமில்லை.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். டாக்டர் படுத்திருக்கச் சொன்னது சில வாரத்துக்கு. கையைக் கட்டச் சொன்னதும் அவ்வளவுக்குத்தான். மீதியை நான் சொன்னேன். "அசையாத மச்சான், எலும்பு நகந்துடும்" என்று சொன்னேன். அவன் அசையவில்லை. தாயம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டபோது, "கத்தி வெச்சா எழுந்துக்கவே மாட்டான்மா" என்று நான்தான் சொன்னேன். அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள். அண்ணன் சொன்னால் கேட்பாள்.

அவர்கள் மகள் ஸ்வப்னாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கையில் சம்பளம் வந்ததும் வாய் நீண்டது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மமதா என்ற பிசியோதெரபி பெண்ணை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த மமதா கட்டை அவிழ்த்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள். மூங்கில் கழி மாதிரி விறைத்து நின்றது.

"ஐயோ, தோள் பூரா ஜாம் ஆயிருக்கு. யாரு அங்கிள் இப்படிக் கட்டி வெச்சது?"

"நான்தான்மா."

 என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் மகள் வயசு. லெவலில் ஒரு ஷிப்ட் நின்றிருந்தால் மேட் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பிறகு அவன் பக்கம் திரும்பி, "அங்கிள், உங்களுக்கு நோவு கொஞ்சம், பயம் ஜாஸ்தி. மெல்ல மெல்ல பழக்குனா மறுபடி பேட் பிடிக்கலாம்" என்றாள்.

அவனை விரலால் சுவரில் ஏறச் சொன்னாள். ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னாள். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கச் சொன்னாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தான். மழைக்காலம் முடிவதற்குள் தானே எழுந்து தானே குளித்தான். மார்கழியில் கோர்ட்டுக்கு நடந்து வந்தான்.

ஊர் வாய் எப்படி மாறும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "சின்னசாமி எட்டு வருஷம் தடவிக்கினு இருந்தான், அந்தப் பொண்ணு ஆறே மாசத்துல எழுப்பி வுட்டுடுச்சி" என்று டீக்கடையில் சிரித்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருந்தது தெரிந்தே சொன்னார்கள்.

அவன் முதன்முதலில் மட்டையைப் பிடித்த நாளைச் சொல்ல வேண்டும். இடுப்புக்குக் கீழே வரும் பந்தை மட்டும் அடிக்கலாம், தோளுக்கு மேல் கை போகக் கூடாது, பின்னால் ஓடக் கூடாது என்று மமதா கறாராகச் சொல்லியிருந்தாள். அவன் அப்படியே ஆடினான். நாலு பந்துதான் அடித்திருப்பான், சுற்றி நின்றவர்கள் விசில் அடித்தார்கள். எட்டு வருஷமாக நான் கட்டிக் காத்த மனுஷன் கண்ணெதிரே வேறு ஆளாகிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டான். எந்தக் கை? நான் கட்டிய கை.

"மச்சான், எனக்காக ரொம்ப பட்டுட்ட. நாளைலேர்ந்து காலைல வூட்டுக்கு வராத. நல்லா தூங்கு. இனிமே கோர்ட்டுக்கு மட்டும் வா, போதும்."

எல்லோரும் கை தட்டினார்கள். மமதாவும் தட்டினாள். நானும் தட்டினேன். சுரங்கத்தை மூடியபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும்தான் வேலை போனது. இன்றைக்கு எனக்கு மட்டும் போனது.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. போவதற்கு இடம் இல்லை. என் மனைவி, "இன்னா, உக்காந்துக்கினு கீற, உன் ஆளு உன்ன வாணாம்னுட்டானா?" என்றாள்.  கோர்ட்டுக்குப் போய் ரோலர் இழுத்தேன்.

ரோலரைப் பற்றி நீங்கள் யாரும் என்னிடம் சரியாகக் கேட்கவில்லை. அது கல் உருளை. மண் கோர்ட்டை சமன் செய்ய இழுப்பது. முழங்கால் உயரம் இருக்கும். இழுக்கிற இரும்புக் கைப்பிடியை விட்டுவிட்டால் முன்னால் சாய்ந்து தரைக்குக் கொஞ்சம் மேலே கிடக்கும். வேலை முடிந்ததும் அதைச் சுவரோரம் தள்ளி வைப்பதுதான் வழக்கம். அன்றைக்கு நான் தள்ளவில்லை. பின்கோட்டுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தேன். அலுப்பில் விட்டேன் என்றுதான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளும் அங்கேயே விட்டேன், இன்னும் கொஞ்சம் கோட்டுக்குக் கிட்டே. கண்ணுக்குப் பழகிவிட்டால் ஒரு பொருள் இருப்பதே தெரியாது. சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் மேக்ஸ்வெல் ஒருவன்தான், "அண்ணே, ரோலரு அங்க வாணாமே, யாருனா வுழுந்துடுவாங்க" என்றான். "நான் தள்ளிக்கிறேன், நீ போ" என்றேன். மேக்ஸ்வெல் உங்களிடம் சொன்னது உண்மை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அந்த நாட்களில் ராஜமாணிக்கத்துக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். "முன்னால நின்னா சடக்குனு திரும்பணும், உன் முதுகு தாங்காது. பின்னால நின்னா நிதானமா அடிக்கலாம். ஓடறதுக்கு நான் கொரல் குடுக்கறேன் இல்ல?" என்றேன். மமதா வேண்டாமென்றாளே என்று யோசித்தான். "அந்தப் பொண்ணுக்கு பூப்பந்து இன்னா தெரியும்?" என்றேன். சிரித்துவிட்டுப் பின்னால் போய் நின்றான்.

ரோலர் இல்லாத பக்கம் அவனை நிறுத்தி, தினமும் பந்தைத் தூக்கிப் போட்டேன். "எடம்", "எடம்", "நில்லு". ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. முதல் நாள் கால் தயங்கியது. அப்புறம் பழைய கால் வந்துவிட்டது. வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனான்.

"இன்னா மச்சான், மறுபடியும் லெவல்ல எறங்கிட்ட மாதிரியே கீது" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் சொன்னால் அவன் இன்னும் கேட்கிறான் என்பது தெரிந்ததே, அதுவே போதும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் அவன் மமதாவுக்குப் போன் போட்டு, "உன்னாலதாம்மா" என்றான். அந்த ஒரு நிமிஷம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை நந்திதுர்க் ஜோடியோடு ஆட்டம் வைத்தோம். சிவகுமாரும் ஜோஸும். ராஜமாணிக்கம் திரும்பி வந்த ஆட்டம் என்பதால் லைன் முழுக்க வந்திருந்தது. தாயம்மா புதுப் புடவை கட்டியிருந்தாள். ஸ்வப்னா கேசரி செய்து கொண்டுவந்திருந்தாள். மமதா போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தாள். அவன் பின்னால் நிற்பதைப் பார்த்து ஏதோ கத்தினாள், சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

முதல் பாதியில் ரோலர் எதிர்ப்பக்கம் இருந்தது. பக்கம் மாறியதும் எங்களுக்குப் பின்னால் வந்தது. அதுவரை பொறுத்திருந்தேன். சிவகுமாரின் ஆட்டம் எனக்கு மனப்பாடம். இடது கைப்பக்கம் பந்தைக் குட்டையாகப் போட்டால் அவன் உயரமாகத் தூக்கித்தான் போடுவான், வேறு அடி அவனுக்கு வராது. நான் குட்டையாகப் போட்டேன். அவன் தூக்கினான்.

நான் திரும்பினேன். பந்தைப் பார்த்தேன், ரோலரைப் பார்த்தேன், ராஜமாணிக்கத்தைப் பார்த்தேன். அந்தப் பந்து கோட்டுக்கு வெளியேதான் விழும். விட்டிருந்தால் பாயிண்ட் எங்களுக்கு.

"எடம்" என்றேன்.

அவன் ஒரு எட்டு பின்னால் வைத்தான். முகம் மேலே பார்த்திருந்தது, கை பின்னால் ஓங்கியிருந்தது. எட்டு வருஷம் தூக்க முடியாத கை.

"எடம்" என்றேன்.

இன்னொரு எட்டு. கோட்டைத் தாண்டிவிட்டான்.

"எடம்."

கைப்பிடியில் குதிகால் மாட்டியது. உட்காரப் போகிறவன் மாதிரி பின்னால் சாய்ந்தான். கல்லின் விளிம்பில் முதுகு விழுந்த சத்தம் பெரிய சத்தம் இல்லை. பந்து அவனுக்கும் அப்பால் போய் விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. "மச்சான், என் காலு எங்க கீது?" என்று கேட்டான்.

தொடாதீர்கள், தூக்காதீர்கள் என்று மமதா கத்திக்கொண்டே ஓடிவந்தாள். நான் தூக்கினேன். இத்தனை வருஷமாக அவனைத் தூக்கியவன் நான். எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று அவள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விழுந்ததில் எவ்வளவு போனது, தூக்கியதில் எவ்வளவு போனது என்று பெங்களூர் டாக்டர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இடுப்புக்குக் கீழே இனிமேல் வராது என்று மட்டும் சொன்னார்கள்.

இப்போது தெரிந்திருக்கும். நான் எதையும் தப்பாகக் கணிக்கவில்லை. சுரங்கத்திலும் சரி, கோர்ட்டிலும் சரி, என் கணிப்பு ஒருநாளும் தவறியதில்லை. அதை மட்டும் ரிப்போர்ட்டில் மாற்றிவிடுங்கள்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளிலிருந்து நான் பழையபடி போகிறேன். முதல் டீ எனக்குத்தான். தாயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லனா நாங்க இன்னா ஆயிருப்போம்ணா" என்று அழுதாள். லைனில் மறுபடியும் எழுந்து நிற்கிறார்கள். மமதா அந்த வீட்டுக்கு வருவதில்லை. அவளுடைய அவசரத்தால்தான் இப்படி ஆனது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்வப்னா அந்த வீடியோவைத் தன் அப்பாவுக்குக் காட்டியிருக்கிறாள். உங்களுக்குக் கொடுத்த அதே வீடியோதான். அதில் நான் ரோலரைப் பார்ப்பதும் தெரிகிறது, என் குரலும் கேட்கிறது. நீங்கள் பார்த்தீர்கள், ஸ்வப்னா பார்த்தாள், உங்களுக்கெல்லாம் அது ஆட்டத்தில் போடுகிற ஒரு சத்தம். அவன் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். 

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல போனேன். புண் வராமல் இருக்க அவனைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்திருப்பவனைப் பின்பக்கமாகப் புரட்டுவதற்கு முன்னால் தலையணையைத் தள்ளிவிட்டுக் குரல் கொடுப்பேன். எட்டு வருஷமும் அப்படித்தான். இடம் நிறைய இருந்தது. "எடம்" என்றேன்.

அவன் கழுத்தைத் திருப்பினான். அது அவனுக்கு லேசான காரியம் இல்லை, நரம்பு புடைத்தது. முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சுவர்வரை பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

 மெதுவாகப் புரட்டினேன், துடைத்தேன், பவுடர் போட்டேன். தாயம்மா கொடுத்த டீயைக் குடிக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். 

முப்பது வருஷத்துக்கு மேல் அவனுக்கு நான் மேட். என் சொல்லைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டான் ஸார். அவனுக்கு நான் என்ன குறை வைத்தேன்?